பழைய மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமரா: ஷட்டர் கவுன்ட் சொல்லாததை வெள்ளைச் சுவர் சொல்லும்

செகண்ட் ஹேண்டில் மீடியம் ஃபார்மட் (வழக்கமான கேமராவைவிடப் பெரிய சென்சார்) பாடி, அதாவது லென்ஸ் நீங்கலான கேமரா தேடுபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிளிக் ஓடியிருக்கு?" என்பதுதான். கேள்வி நியாயமானது. வரும் பதிலை மட்டும் வைத்து விலை பேசும்போதுதான் ஏமாறுகிறோம். ஷட்டர் கவுன்ட் எனப்படும் இந்த எண் எதை எண்ணுகிறது என்பது பாடிக்குப் பாடி மாறும். சில கேமராக்களில் பாடிக்குள் ஷட்டரே கிடையாது. பழைய சந்தையில் கிடைக்கும் பென்டாக்ஸ் 645டி, 645இசட், ஃபியூஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ், ஹாசல்பிளாட் எக்ஸ்1டி, அதே நிறுவனத்தின் எச் வரிசை, ஃபேஸ் ஒன் 645டிஎஃப், எக்ஸ்எஃப் ஆகியவற்றை ஷட்டர் தேய்மானம் என்ற ஒரே கோணத்தில் பார்க்கும் விமர்சனம் இது. படத்தரத்தைப் பற்றி இங்கே பேச்சில்லை.

முதலில் சோதனை. எந்த மாடலாக இருந்தாலும் அடிப்படை ஒன்றே என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பாடிக்குள் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபோகல் பிளேன் ஷட்டரில் இரண்டு திரைகள். முதல் திரை திறந்துகொண்டே ஓட, இரண்டாவது மூடிக்கொண்டே பின்தொடர்கிறது. 44க்கு 33 மி.மீ. சென்சாரின் 33 மி.மீ. உயரத்தைத் திரை கடக்க 6 மில்லி நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/4000 நொடி என்பது 0.25 மில்லி நொடி. அந்த வேகத்தில் இரண்டு திரைகளுக்கும் நடுவே உள்ள பிளவு ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்தப் பிளவு மேலிருந்து கீழ்வரை அகலம் மாறாமல் ஓடினால்தான் படம் முழுக்க ஒரே வெளிச்சம். இரண்டாவது திரை வழியில் 0.07 மில்லி நொடி முந்திக்கொண்டால் அந்தப் பகுதி அரை ஸ்டாப் இருண்டுவிடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது). இதே பிழை 1/125இல், அதாவது 8 மில்லி நொடியில், ஒரு சதவீதத்துக்கும் குறைவு, கண்ணுக்கே தெரியாது. வீட்டுக்குள் 1/60, 1/125இல் நாலு படம் எடுத்துப் பார்த்துவிட்டு "ஷட்டர் நல்லாத்தான் இருக்கு" என்று வாங்குவதால் பயனில்லை. தேய்மானம் தலைகாட்டும் இடம் உச்ச வேகம்.

தேவையானவை குறைவு: ஒரு நார்மல் லென்ஸ், டிரைபாட், மேகமூட்டமான பகல் வெளிச்சம், வெள்ளைச் சுவர். வீட்டு எல்இடி, டியூப் லைட் வேண்டவே வேண்டாம். மின்சாரத்தோடு சேர்ந்து துடிக்கும் அந்த வெளிச்சம் உச்ச வேகத்தில் பட்டை பட்டையாக விழும். நல்ல ஷட்டரைக் கெட்டது என்று தள்ளிவிட நேரும். சுவரிலேயே வெளிச்சம் ஏற்ற இறக்கமாக இருந்தால், லென்ஸ் முகப்பில் மெல்லிய வெள்ளைத் தாளையோ பால் நிற அக்ரிலிக் துண்டையோ வைத்து வானத்தைப் பார்த்து எடுக்கலாம். ஃபோகஸை மேனுவலில் இன்ஃபினிட்டிக்குத் தள்ளிவிடுங்கள்.

அபர்ச்சரை எஃப்/8இல் நிறுத்துங்கள், அதைத் தொடக்கூடாது. முதல் படம் 1/125, ஐஎஸ்ஓ 100. அடுத்தது 1/250, ஐஎஸ்ஓ 200. இப்படியே இரண்டையும் இரட்டிப்பாக்கிக்கொண்டு போனால் 1/4000, ஐஎஸ்ஓ 3200இல் முடியும். ஐந்து ஸ்டாப் வேகம், ஐந்து ஸ்டாப் ஐஎஸ்ஓ. ஆறு படங்களும் ஒரே பிரகாசத்தில் வர வேண்டும். ஐஎஸ்ஓ 1600ஐத் தாண்டாத 645டி போன்ற சிசிடி (பழைய வகை சென்சார்) பாடிகளில் கடைசிப் படத்துக்கு மட்டும் அபர்ச்சரை ஒரு ஸ்டாப் திறந்துகொள்ளலாம். மேகம் நகர்ந்து வெளிச்சம் மாறும் என்பதால் 1/125, 1/4000, மறுபடி 1/125 என்று மாற்றி மாற்றி எடுப்பது பாதுகாப்பு. எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன் (முதல் திரையின் வேலையைச் சென்சாரே செய்வது) வசதி உள்ள பாடிகளில் அதை அணைத்து, முழு மெக்கானிக்கலுக்கு மாற்றியே சோதிக்க வேண்டும். இல்லையென்றால் முதல் திரை சோதனைக்கே வராது.

கணினியில் ரா ஃபைலை (சென்சார் பதிந்த மூலத் தகவலை) திறந்ததும் லென்ஸ் திருத்தங்களை அணையுங்கள். படத்தின் மேல் விளிம்பை ஒட்டி ஒரு இடம், நடுவில் ஒன்று, கீழே ஒன்று என மூன்று புள்ளிகளின் பிரகாச எண்ணைப் படியுங்கள். 1/125 படத்தில் மேலும் கீழும் 128 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1/4000 படத்தில் கீழே அதே 128, மேலே 110. இப்போது எக்ஸ்போஷர் ஸ்லைடரை மேல்புள்ளி 128 ஆகும்வரை நகர்த்துங்கள். ஸ்லைடர் +0.5 அருகே நின்றால் ஷட்டர் அரை ஸ்டாப் சாய்ந்து ஓடுகிறது. கணக்கு எதுவும் போட வேண்டியதில்லை. ஸ்லைடர் காட்டுவதே பிழையின் அளவு. 0.1, 0.15 வரை உச்ச வேகத்தில் கண்டுகொள்ள வேண்டாம். கால் ஸ்டாப் வந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். அரை ஸ்டாப் என்றால் ஷட்டர் யூனிட் மாற்றும் செலவை விலையில் கழித்துத்தான் வாங்க வேண்டும்.

சாய்வு வந்தவுடன் ஷட்டரைக் குற்றம் சொல்லிவிட வேண்டாம். கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொன்று எடுங்கள். இருண்ட பக்கம் சுவரோடு நின்றால் அது வெளிச்சத்தின் குறை. கேமராவோடு சேர்ந்து திரும்பினால், 1/125 படத்தில் இல்லாமல் 1/4000இல் மட்டும் இருந்தால், அது திரைதான். இவற்றில் ஃபோகல் பிளேன் ஷட்டர் செங்குத்தாக ஓடும் மாடல்களில் சாய்வு மேல் கீழாகவே வரும். இடம் வலமாக வந்தால் வேறு காரணம் தேடுங்கள்.

சாய்வைவிட மோசமான அறிகுறி, விளிம்பில் ஒரு கோடு. ஓட்டத்தின் முடிவில் திரையைத் தடுத்து நிறுத்தும் டேம்பர் தேய்ந்தால் திரை இடித்துத் துள்ளும். இரண்டாவது திரை துள்ளினால் மெல்லிய பிரகாசமான பட்டை. முதல் திரை துள்ளினால் இருண்ட பட்டை. சென்சாரில் பிம்பம் தலைகீழாக விழுவதால், மேலிருந்து கீழே ஓடும் திரையின் துள்ளல் படத்தின் மேல் விளிம்பில் தெரியும். லேண்ட்ஸ்கேப்பில் அது வானம் இருக்கும் இடம். வானத்தைப் பிரகாசமாக்கினால் கோடு இன்னும் பளிச்சென்று தெரியும். இந்தக் கோடு உள்ள பாடியை எந்த விலைக்கும் வாங்காமல் விடுவதே நல்லது. சாய்வு மெல்ல வளரும். துள்ளல் திரைத் தகடுகளையே அடித்து நசுக்கும்.

அடுத்து சீர்மை. 1/4000இல் தொடர்ந்து 20 படம் எடுத்து, கணினித் திரையில் சிறு படங்களாகப் பரப்பிப் பாருங்கள். ஒன்று மட்டும் தனியாக இருண்டோ வெளுத்தோ நின்றால், கியரிலோ காந்தத்திலோ பிசுக்கு ஏறியிருக்கலாம். விற்பவரிடம் முன்கூட்டியே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: நீங்கள் வருவதற்கு முன் கேமராவை இயக்க வேண்டாம் என்று. பல நாள் சும்மா கிடந்த ஷட்டரின் முதல் இரண்டு மூன்று கிளிக்குகளில்தான் பிசுக்கு வெளிப்படும். பத்து கிளிக் ஓடியபின் அது ஒழுங்காகிவிடும். ஆகவே அந்த முதல் மூன்று படங்களை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு எஃப்/22இல் ஒரு படம், நூறு கிளிக் ஓடியபின் அதே எஃப்/22இல் இன்னொன்று. சாதாரண தூசி எல்லா இடத்திலும் சிதறிக் கிடக்கும். ஒரே ஓரத்தில் புதுப்புள்ளிகள் கூடிக்கொண்டே போனால் திரையின் பூச்சு உரிகிறது, அல்லது எண்ணெய் தெறிக்கிறது. எண்ணெய்ப் புள்ளியின் நடு வெளுத்து, சுற்றிலும் மெல்லிய வளையம் இருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

இனி மாடல்கள்.

பென்டாக்ஸ் 645இசட் (2014) கவுன்ட் படிக்க வசதியான பாடி. படத்தோடு பதிந்த விவரங்களைக் காட்டும் எக்சிஃப்டூல் மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் ஷட்டர் கவுன்ட் என்றே ஒரு வரி வரும். பென்டாக்ஸ் இந்த எண்ணைப் படத்தின் தேதி, நேரத்தைச் சாவியாக வைத்துப் பூட்டி எழுதுகிறது. எடிட்டிங்கில் தேதி மாறிய ஃபைலில் அதனால் பொருளற்ற எண் வரும். கேமராவிலிருந்து நேராக வந்த ஃபைல்தான் வேண்டும். இன்னொரு முக்கியமான ஓட்டை: லைவ் வியூவிலும் (பின்பக்க எல்சிடியில் நேரலையாகப் பார்ப்பது) வீடியோவிலும் ஷட்டர் திறந்து மூடுவது இந்தக் கணக்கில் சேராது. லைவ் வியூவிலேயே வேலை செய்த ஸ்டுடியோ பாடியில் உண்மையான ஓட்டம் காட்டுவதைவிட அதிகம் இருக்கும். சர்வீஸில் எண் பூஜ்யமாகவும் ஆகலாம். ஷட்டர் மாற்றியதாகச் சொன்னால் பில்லைக் கேளுங்கள்.

தயாரிப்பாளர் சொன்ன ஆயுள் 645இசட்டுக்கு 1,00,000, 2010இல் வந்த 645டிக்கு 50,000. இந்த எண்ணைத் தொட்ட நாளில் ஷட்டர் நின்றுவிடும் என்று பொருள் இல்லை. அதற்கு முன்பே போகாது என்ற உறுதியும் இல்லை. 60,000 ஓடி, 1/4000இல் சீராக நிற்கும் 645இசட்டை, 9,000 மட்டும் ஓடி விளிம்பில் கோடு போடும் பாடியைவிட நம்பி வாங்கலாம்.

645இசட்டில் திரையைக் கண்ணாலேயே பார்க்க வழி உண்டு. லென்ஸைக் கழற்றி, மிரரைத் தூக்கும் லீவரைத் திருப்பினால் மூடிய திரைத் தகடுகள் எதிரே தெரியும். டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசும் இடத்தில் மெல்லிய பளபளப்புக் கோடு இயல்பானது. வளைந்த மூலை, அலை அலையான பரப்பு, விரல் ரேகை, ஈரமான புள்ளி எதுவும் இருக்கக்கூடாது. தொடாதீர்கள், கேன் காற்றும் அடிக்கக்கூடாது. அந்தக் காற்றின் விசை தகட்டை அதன் தடத்திலிருந்தே கழற்றிவிடும்.

மிரர் உள்ள பாடி என்பதால் இன்னொரு வேலையும் இருக்கிறது. ஒவ்வொரு கிளிக்குக்கும் கனமான மிரர் ஒருமுறை மேலே அடித்துக் கீழே அமர்கிறது. அது உட்காரும் தாங்கி தேய்ந்தால், வியூஃபைண்டரில் கூர்மையாகத் தெரிவது சென்சாரில் கூர்மையாக விழாது. டிரைபாடில் வைத்து, அச்சடித்த எழுத்தை வியூஃபைண்டர் வழியே ஒருமுறை, லைவ் வியூவில் ஒருமுறை ஆட்டோஃபோகஸ் செய்து ஒப்பிடுங்கள். 645டியில் லைவ் வியூ இல்லாததால் மேனுவலில் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஃபியூஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் (2017) சோதிக்க எளிது. கவுன்ட்டை நம்புவதுதான் கடினம். எக்சிஃப்டூல் காட்டும் இமேஜ் கவுன்ட் என்ற எண், ஃபர்ம்வேர் புதுப்பித்தபோது பூஜ்யத்துக்குத் திரும்பியிருக்கலாம். புதிய ஃபர்ம்வேரும் மிகக் குறைந்த எண்ணும் சேர்ந்து வந்தால் அதற்கு எந்த மதிப்பும் தராதீர்கள். ஃபைலில் ஷட்டர் டைப் என்ற வரியும் இருக்கும்: மெக்கானிக்கலா, எலக்ட்ரானிக்கா, எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டனா என்று சொல்லும். பழைய படங்கள் சிலவற்றை விற்பவரிடம் வாங்கி அந்த வரியைப் பாருங்கள். இவர் எலக்ட்ரானிக்கிலேயே ஓட்டியவர் என்றால் திரைகள் அதிகம் உழைத்திருக்காது.

எண்ணில் உள்ள இந்தக் குறையை இன்னொரு வசதி ஈடுகட்டுகிறது. எலக்ட்ரானிக் ஷட்டரில் நகரும் பாகம் இல்லை; தேய்மானமும் இல்லை. அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அதே சுவர், அதே அபர்ச்சர், அதே ஐஎஸ்ஓ, 1/4000. ஒருமுறை எலக்ட்ரானிக்கில், ஒருமுறை மெக்கானிக்கலில். லென்ஸின் மூலை இருட்டு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். மெக்கானிக்கலில் மட்டும் உள்ள வித்தியாசம் முழுக்கத் திரையினுடையது. இந்த விமர்சனத்தில் சொல்லும் சோதனைகளிலேயே சுத்தமானது இதுதான். பகல் வெளிச்சத்தில் மட்டும் செய்யுங்கள். எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படித்து முடிக்கக் கால் நொடி அளவுக்கு எடுத்துக்கொள்கிறது. துடிக்கும் விளக்கில் பட்டைகள் மண்டிவிடும்.

இந்தப் பாடிக்குச் சொல்லப்பட்ட ஆயுள் 1,50,000. புத்தகம், ஓவியம், பழைய ஆவணம் படமெடுக்கும் இடங்களில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் கிளிக் ஓடும். அப்படி உழைத்த பாடி பார்க்கப் புதிதாகவே இருக்கும். யாரும் அதைக் கையில் தூக்கித் திரிவதில்லை. கைப்பிடி ரப்பரில் கீறல் இல்லாமல், அடியில் டிரைபாட் திருகைச் சுற்றி மட்டும் வளையமாகத் தேய்ந்து, கேபிள் மாட்டும் மூடி தளர்ந்திருந்தால் அது மேசையில் உழைத்த கேமரா. அதற்காகத் தள்ளிவிட வேண்டியதில்லை, தூசியில்லாத அறையில் இருந்ததால் சென்சாரும் மவுன்ட்டும் நன்றாகவே இருக்கும். ஷட்டர் சோதனையை மட்டும் இரண்டு மடங்கு கவனத்தோடு செய்யுங்கள்.

ஹாசல்பிளாட் எக்ஸ்1டியில் (2016) கதை வேறு. ஷட்டர் ஒவ்வொரு எக்ஸ்சிடி லென்ஸுக்குள்ளும் இருக்கிறது. பாடியில் ஒன்றும் இல்லை. "பாடி 5,000 கிளிக்தான்" என்ற பேச்சு ஷட்டரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. மூன்று லென்ஸோடு வாங்கினால் மூன்று ஷட்டர் வாங்குகிறீர்கள். மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். அதிகம் உழைத்திருப்பது பெரும்பாலும் நார்மல் லென்ஸ்தான்.

இலை போன்ற தகடுகள் நடுவிலிருந்து திறந்து மூடும் லீஃப் ஷட்டரில் மேல் கீழ் சாய்வு வராது. பிசுக்கு ஏறினால் தகடு தாமதமாக மூடும், படம் மொத்தமாக வெளுக்கும். 1/2000 என்பது 0.5 மில்லி நொடி, அதில் 0.1 மில்லி நொடி தாமதம் என்றால் கால் ஸ்டாப். ஆகவே மேலே சொன்ன வேகம்-ஐஎஸ்ஓ ஏணியை இங்கே 1/2000 வரை ஏறி, படத்தின் நடுப்புள்ளியை மட்டும் ஒப்பிட்டால் போதும். இந்தப் பாடியிலும் எலக்ட்ரானிக் ஷட்டர் உண்டு, அதை அளவுகோலாக்கலாம். லென்ஸ் முகப்பில் டார்ச் அடித்து 1 நொடி எக்ஸ்போஷரில் தகடுகளைப் பாருங்கள்: எல்லாம் ஒன்றாக ஒதுங்க வேண்டும், எண்ணெய் மினுக்கம் இருக்கக்கூடாது.

ஃபிளாஷ் வைத்துச் சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முழு சக்தியில் ஃபிளாஷின் ஒளி 0.5 மில்லி நொடியைவிட நீண்டு எரியலாம். அப்போது 1/2000இல் அதன் ஒரு பகுதியை ஷட்டர் வெட்டிவிடும், படம் இருளும். அது ஷட்டரின் குற்றம் ஆகாது. 1/16 சக்தியில் வைத்துச் சோதியுங்கள்.

எச் வரிசையிலும் லீஃப் ஷட்டர்தான். ஆனால் பாடியில் மிரரும், அதன் பின்னால் சென்சாரை மறைக்கும் துணை ஷட்டரும் உண்டு. பாடி மெனுவில் சிஸ்டம் ஸ்டேட்டஸ் என்ற திரை எக்ஸ்போஷர் எண்ணிக்கையைக் காட்டும். அதிகமாக இருந்தால் மிரர் ஓட்டத்தையும் துணை ஷட்டரையும் கவனியுங்கள், கிளிக்கின்போது இழுவைச் சத்தம் கேட்கக்கூடாது. பழைய எச்சி லென்ஸ்களின் உச்ச வேகம் 1/800, அதனால் ஏணி அங்கேயே நிற்கும்.

ஃபேஸ் ஒன் 645டிஎஃப், எக்ஸ்எஃப் இரண்டும் இந்த வரிசையில் அதிகம் குழப்புபவை. டிஜிட்டல் பேக் (சென்சார் உள்ள பின்பகுதி) தனி, பாடி தனி. பேக் எடுத்த படங்களின் எண்ணிக்கை பேக்கோடு போகும்; அது இதற்கு முன் மாட்டியிருந்த பாடிகள் எத்தனையோ. 40,000 காட்டும் பேக் நேற்று வாங்கிய பாடியில் மாட்டியிருக்கலாம், 2,000 காட்டும் பேக் தேய்ந்துபோன பாடியிலும் இருக்கலாம். பாடியில் 1/4000 வரை போகும் ஃபோகல் பிளேன் ஷட்டர். ஷ்னைடர் எல்எஸ் லென்ஸ் மாட்டினால் லென்ஸிலும் லீஃப் ஷட்டர். "நான் எல்எஸ் லென்ஸ்தான் போட்டேன், பாடி ஷட்டர் ஓடவே இல்லை" என்று சிலர் சொல்வதை ஏற்க வேண்டாம். லீஃப் ஷட்டர் ஒளியை அளக்க, பாடியின் திரை வழிவிட்டுத் திறந்து மூடியே ஆக வேண்டும்.

ஒரு வசதி: பேக்கைக் கழற்றினால் பாடித் திரை பின்னாலிருந்து முழுதாகத் தெரியும். அதே காரணத்தால்தான் இந்தப் பாடிகளில் விரல் பட்டு நசுங்கிய திரைகளும் உண்டு; பேக் மாட்டும்போது கட்டை விரல் வழுக்கினால் போதும். எல்எஸ் அல்லாத லென்ஸ் ஒன்றை மாட்டி 1/4000 ஏணியை ஓட்டி, பிறகு எல்எஸ் லென்ஸ் மாட்டி 1/1600 வரை தனியாக ஓட்டுங்கள். எல்எஸ் லென்ஸ் மட்டும் கையில் இருந்தால் மெனுவில் லீஃப் ஷட்டரை அணைத்து, ஃபோகல் பிளேனுக்கு மாற்றிச் சோதிக்கலாம்.

எல்லா ஃபோகல் பிளேன் பாடிகளுக்கும் பொதுவாக ஒரு ஃபிளாஷ் சோதனை மிச்சம். 645இசட்டிலும் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ்ஸிலும் சிங்க் வேகம், அதாவது ஃபிளாஷோடு சேர்ந்து சென்சார் முழுதும் திறந்திருக்கும் உச்ச வேகம், 1/125. அதைவிட வேகமாக ஃபிளாஷ் பயன்படுத்த உதவும் ஹை ஸ்பீட் சிங்கை அணைத்து, ஃபிளாஷை நேராகப் பாடியின் ஹாட் ஷூவில் மாட்டி, இருட்டறையில் 1/125இல் சுவரை எடுங்கள். ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுந்தால் முதல் திரை தாமதிக்கிறது, அல்லது இரண்டாவது முந்துகிறது. ரேடியோ டிரிகர் வேண்டாம்; அதன் தாமதமும் இதே பட்டையைப் போடும்.

நேரில் போக முடியாமல் தொலைவிலிருந்து வாங்குபவர்கள் விற்பவரிடம் மூன்று ரா ஃபைல் கேளுங்கள்: சுவர் 1/125இல், அதே சுவர் உச்ச வேகத்தில், எஃப்/22இல் ஒரு வானம். ஜேபெக் வேண்டாம், எடிட் செய்தது வேண்டாம். மூன்றும் அன்றைய தேதியில் எடுத்ததாக இருக்க வேண்டும். ஃபைலில் உள்ள சீரியல் நம்பரையும், பாடியில் பொறித்த எண்ணின் புகைப்படத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் கவுன்ட் வேறு கேமராவினுடையது. எக்ஸ்1டி, எச் என்றால் விற்கும் ஒவ்வொரு லென்ஸுக்கும் இதே தொகுப்பைத் தனித்தனியாகக் கேளுங்கள்.